டோட்டல் ஆன பழைய காருக்கு இன்சூரன்ஸ் சொல்லும் தொகை: அமெரிக்காவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய கார். பின்னாலிருந்து யாரோ இடித்துவிட்டார்கள். பம்பரும் டிக்கியும் மாற்றினால் போதும் என்று நினைத்திருக்கும்போது நான்காம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியின் அட்ஜஸ்டர் (சேதத்தை மதிப்பிடுபவர்) கூப்பிட்டு, "வண்டி டோட்டல்" என்கிறார். அதாவது ரிப்பேர் செய்யாமல் காரின் மதிப்பைப் பணமாகத் தந்துவிடுவார்கள். ஒரு தொகையும் சொல்கிறார். அதற்குப் பிறகு எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், முக்கியமான இடங்களில் மாநிலத்தின் பெயரையும் சொல்லியிருக்கிறோம்.

வண்டி ஓடுகிறது, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு எப்படி டோட்டல்?

டோட்டல் என்பது மெக்கானிக் சொல்லும் முடிவல்ல, கணக்குப் பார்த்துச் சொல்வது. இரண்டு விதமாகக் கணக்குப் போடுகிறார்கள்.

சில மாநிலங்கள் சதவீத வரம்பு வைத்திருக்கின்றன. ரிப்பேர் செலவு, விபத்துக்கு முன் வண்டிக்கு இருந்த மதிப்பில் அந்தச் சதவீதத்தைத் தொட்டால் டோட்டல். ஓக்லஹோமாவில் 60, நியூயார்க்கில் 75, ஃப்ளோரிடாவில் 80, டெக்சாஸில் 100 சதவீதம். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் சதவீதம் கிடையாது. ரிப்பேர் செலவையும், இடிபட்ட வண்டி ஏலத்தில் எடுக்கும் விலையையும் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை வண்டியின் மதிப்பைத் தாண்டினால் டோட்டல்.

ஒரு கணக்கு: வண்டியின் மதிப்பு 6,800 டாலர், ரிப்பேர் 5,400, ஏல விலை 1,500. கூட்டினால் 6,900, கலிபோர்னியாவில் டோட்டல். 5,400 என்பது 6,800இல் 79 சதவீதம். நியூயார்க்கில் டோட்டல், ஃப்ளோரிடாவில் சட்டப்படி இல்லை. ஆனால் சட்டம் சொல்வது எந்த இடத்தில் டோட்டல் ஆக்கியே தீரவேண்டும் என்பதை மட்டும்தான். ரிப்பேர் கட்டுப்படியாகாது என்று தோன்றினால் கம்பெனி அதற்கு முன்பே டோட்டல் என்று சொல்லிவிடலாம்.

பழைய கார்கள் இதில் சுலபமாக விழுவதற்குக் காரணம் எளிது. பெயின்ட் அடிக்கும் கூலி 35,000 டாலர் காருக்கும் 7,000 டாலர் காருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு ஏர்பேக் வெடித்திருந்தால் பை, சென்சார், டேஷ்போர்டு, சீட்பெல்ட் என்று பழைய வண்டியின் மதிப்பில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

டோட்டல் வேண்டாம், ரிப்பேர் செய்து கொடுங்கள் என்று கேட்க முடியுமா?

கேட்கலாம், ஆனால் கட்டாயப்படுத்த முடியாது. கணக்கு எல்லைக்கோட்டின் அருகில் இருந்தால் மட்டும் பலன் உண்டு. ரிப்பேர் மதிப்பீட்டின் நகலை வாங்கிப் பாருங்கள். எல்லாப் பாகங்களையும் புதிய ஒரிஜினல் விலையில் போட்டிருந்தால், பழைய வண்டியிலிருந்து எடுத்த கதவு, பானெட் போன்றவற்றை வைத்து வேறொரு ஷாப்பில் மதிப்பீடு வாங்கிக் கொடுக்கலாம். வண்டியின் மதிப்பைத்தான் அவர்கள் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றால், அதைத் திருத்தினாலே டோட்டல் வரம்புக்குள் வராமல் போகக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. முதல் மதிப்பீடு வெளியே தெரியும் அடிக்கு மட்டும் போட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே சேஸியின் இரும்புச் சட்டம் வளைந்திருக்கும், ரேடியேட்டர் தாங்கி உடைந்திருக்கும். பாதி ரிப்பேரில் டோட்டல் ஆவது எல்லாவற்றிலும் மோசமான நிலை.

சொன்ன தொகை எதை வைத்து வந்தது?

பாலிசியில் இதை ஏசிவி (ஆக்சுவல் கேஷ் வேல்யூ) என்று குறிப்பிடுவார்கள். விபத்து நடந்த நொடிக்கு முன், உங்கள் ஊர்ப்பக்கம், அதே வருடம், அதே மாடல், அதே மைல் ஓடிய கார் சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்குமோ அந்த விலை. நீங்கள் வாங்கிய விலைக்கோ, பாக்கி இருக்கும் கடனுக்கோ, "இந்தக் காசுக்கு வேறு கார் கிடைக்காதே" என்ற ஆதங்கத்துக்கோ அதில் இடமில்லை. அட்ஜஸ்டரிடம் இவற்றைப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். பேச வேண்டியது சந்தை விலையைப் பற்றி மட்டும்.

சொந்த பாலிசியில் வாங்கினால் அந்த மதிப்பிலிருந்து டிடக்டிபிளை (க்ளெயிமில் உங்கள் பங்காக ஏற்க வேண்டிய தொகை) கழித்துக்கொண்டுதான் தருவார்கள். கிளாசிக் கார்களுக்கென்று முன்கூட்டியே விலை பேசி எடுத்த பாலிசி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது.

தொகையைச் சொன்னதும் முதலில் என்ன செய்வது?

சரி என்றும் சொல்லாதீர்கள், முடியாது என்றும் சொல்லாதீர்கள். "மதிப்பீட்டு ரிப்போர்ட் முழுவதையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும். பெரும்பாலான கம்பெனிகள் தாங்களாக விலை போடுவதில்லை. சிசிசி, மிட்செல், ஆடாடெக்ஸ் ஆகிய மூன்றில் ஒன்றின் மென்பொருள்தான் போட்டிருக்கும். ரிப்போர்ட் பத்து இருபது பக்கம் வரும். முதல் பக்கச் சுருக்கத்தை மட்டும் அனுப்பினால் மீதியையும் கேட்டு வாங்குங்கள். தவறுகள் பின்பக்கங்களில்தான் இருக்கும்.

இன்னொரு அட்ஜஸ்டரிடம் கேஸ் கைமாறினாலும் பதிவு இருக்க வேண்டும் என்பதால், இனிப் பேசுவதை எல்லாம் மின்னஞ்சலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

இங்கேதான் பணம் இருக்கிறது. காபி போட்டுக்கொண்டு நிதானமாக உட்காருங்கள்.

முதலில் மாடலின் உட்பிரிவு. வின் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்து மென்பொருள் தானாகக் கண்டுபிடித்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. சில கம்பெனிகளின் வின் எண்ணிலிருந்து உட்பிரிவு தெளிவாகத் தெரியாது. அப்போது மென்பொருளோ அட்ஜஸ்டரோ அடிமட்ட மாடலைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். தோல் சீட்டும் சன்ரூஃபும் உள்ள அக்கார்ட் ஈஎக்ஸ்-எல், ரிப்போர்ட்டில் அக்கார்ட் எல்எக்ஸ் ஆகியிருக்கும். நான்கு சிலிண்டரா, ஆறு சிலிண்டரா? இரண்டு சக்கர இழுவையா, நான்கு சக்கர இழுவையா? பனி பெய்யும் மாநிலங்களில் இந்தக் கடைசி ஒன்றே நிறைய விலை வித்தியாசம் கொடுக்கும்.

அடுத்து ஆப்ஷன் பட்டியல். நாவிகேஷன், சீட் சூடாக்கி, பின்புற கேமரா, ட்ரெய்லர் இழுக்கும் பேக்கேஜ் என்று ஒவ்வொன்றையும் டிக் அடித்துப் பாருங்கள். உங்கள் வண்டியில் இருந்தும் பட்டியலில் இல்லாததற்குப் புகைப்படம் எடுத்து வையுங்கள். வண்டி யார்டில் (இழுத்துச் சென்ற கார்களை நிறுத்தும் இடம்) இருந்தால் போய் எடுக்கலாம்.

மைல் கணக்கு. பேட்டரி அறுந்து ஓடோமீட்டர் தெரியவில்லை என்றால், வருடத்துக்குச் சராசரியாக இவ்வளவு ஓடியிருக்கும் என்று ஊகித்துப் போட்டிருப்பார்கள். கடைசி ஆயில் மாற்றிய ரசீதில் உண்மையான மைல் இருக்கும்.

பிறகு கண்டிஷன் கழிவு. பழைய கார்க்காரர்கள் அதிகம் இழப்பது இதில்தான். ஒப்பிட எடுத்த கார்கள் எல்லாம் டீலர் கழுவி மெருகேற்றி விற்பனைக்கு வைத்த நிலையில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, உங்கள் காரில் சீட்டுக்கு இவ்வளவு, கார்ப்பெட்டுக்கு இவ்வளவு, பெயின்டுக்கு இவ்வளவு என்று வரிசையாகக் கழிப்பார்கள். அந்த டீலர் கார்களை யாரும் நேரில் போய்ப் பார்த்ததில்லை. உங்கள் காரையும் சிலசமயம் யார்டில் எடுத்த நான்கு புகைப்படத்தை வைத்தே எடைபோட்டிருப்பார்கள். "ஒவ்வொரு கழிவுக்கும் என்ன காரணம், எந்தப் புகைப்படம்?" என்று எழுதிக் கேளுங்கள். கலிபோர்னியா விதிப்படி ஒவ்வொரு கழிவும் தனித்தனியாக, அளந்து சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மற்ற இடங்களிலும் காரணம் கேட்டால், பதில் சொல்ல முடியாத கழிவைத் திரும்ப எடுத்துக்கொள்வது நடக்கிறது.

ஒப்பீட்டுக் கார்களின் விலையிலேயே சத்தமில்லாமல் ஒரு கழிவு ஒளிந்திருக்கலாம். டீலர் போட்ட விலையில் யாரும் வாங்க மாட்டார்கள், பேரம் பேசித்தான் வாங்குவார்கள் என்று சொல்லி ஒவ்வொரு காரிலும் சில சதவீதத்தைக் குறைத்திருப்பார்கள். இந்தக் கழிவை எதிர்த்துப் பல மாநிலங்களில் கூட்டு வழக்குகள் நடந்திருக்கின்றன. விலை பேசாமல் ஒரே விலைக்கு விற்கும் டீலரின் காரிலும் அதைக் கழித்திருந்தால், அது நியாயமற்றது என்று காட்டுவது சுலபம்.

கடைசியில் பழைய அடிக்கான கழிவு. போன வருடம் கதவில் விழுந்த கீறலுக்கு 900 டாலர் கழித்திருக்கிறார்களா? பதிமூன்று வருடக் காரில் சின்னக் கீறல் இருப்பது இயல்பு. ஒப்பீட்டுக் கார்களிலும் இருக்கும். ரிப்பேர் செலவு முழுவதையும் மதிப்பிலிருந்து கழிப்பது தவறு. அந்தக் கீறலால் வாங்குபவர் எவ்வளவு குறைத்துக் கேட்பார் என்பதுதான் கணக்கு.

நானே ஒப்பீட்டுக் கார்களைத் தேடிக் கொடுத்தால் ஏற்பார்களா?

ஒழுங்காகத் தேடினால் ஏற்பார்கள். ஆட்டோட்ரேடர், கார்ஸ்.காம், கார்குரூஸ் ஆகியவற்றில் தேடுங்கள். அதே வருடம், அதே உட்பிரிவு, உங்கள் மைலுக்கு மேலும் கீழும் பத்துப் பதினைந்தாயிரம் மைலுக்குள். முதலில் 50 மைல் சுற்றளவு. கிடைக்கவில்லை என்றால் 100, 150 என்று விரியுங்கள். மூன்று போதும், ஐந்து நல்லது. டீலரிடம் இருப்பவையாக இருக்கட்டும். தனியார் விற்பனை விளம்பரத்துக்கு மதிப்புக் குறைவு. டைட்டிலில் (உரிமைப் பத்திரம்) சால்வேஜ் (டோட்டல் ஆன வண்டி) முத்திரை உள்ள வண்டியைத் தெரியாமல் எடுத்துவிடாதீர்கள். அது விலையைக் கீழே இழுத்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் வின் எண், டீலரின் ஸ்டாக் எண், மைல், விலை, தேதி தெரியும்படி முழுப்பக்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரம் நாளைக்கே காணாமல் போகும். இணைப்பை மட்டும் அனுப்பினால் "பக்கம் திறக்கவில்லை" என்று பதில் வரும்.

விலை அதிகமானவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கத் தோன்றும். எட்டு கார்கள் இருக்கும்போது உச்சியில் உள்ள மூன்றை அனுப்பினால், அட்ஜஸ்டர் மற்ற ஐந்தையும் தேடி எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதற்கும் எடை இருக்காது.

கெல்லி புளூ புக் இதைவிட 1,500 டாலர் அதிகமாகக் காட்டுகிறதே?

அதை மட்டும் வைத்துக் கேட்டால் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். அது பொதுவான மதிப்பீடு. உங்கள் ஊரில் இன்றைக்கு விற்பனைக்கு நிற்கும் கார் அல்ல. அதிலும் டீலர் சில்லறை விலை, தனியார் விலை, டீலரிடம் மாற்றும்போது கிடைக்கும் விலை என்று மூன்று உண்டு. எதைப் பார்த்தீர்கள் என்று கவனியுங்கள். உங்கள் ஒப்பீட்டுக் கார்களுக்குத் துணையாக வைக்கலாம்.

போன மாதம்தான் நான்கு டயர் மாற்றினேன். அந்தப் பணம்?

முழுதாக வராது. 600 டாலர் டயருக்கு 600 டாலர் கூடுவதில்லை, ஏனென்றால் டயர் இல்லாத காரை யாரும் வாங்குவதில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் டயருக்குக் கழிவு போட்டிருந்தால் அதை நீக்க வைக்கலாம், கொஞ்சம் கூட்டவும் வைக்கலாம். புதுக் கார் டயரின் பள்ளம் பொதுவாக 10/32 அங்குலம். பெரும்பாலான மாநிலங்களில் 2/32 வந்தால் மாற்றியாக வேண்டும். யார்டில் அளந்து ஒரு புகைப்படம் எடுத்தால் வாதம் முடிந்துவிடும்.

புதிய டிரான்ஸ்மிஷன், மாற்றிய இன்ஜின் போன்றவை வேறு வகை. ரசீதில் வின் எண், தேதி, மைல் இருந்தால் மதிப்பு கூடும். டைமிங் பெல்ட், பிரேக், பேட்டரி எல்லாம் பராமரிப்புக் கணக்கில் போய்விடும். அவற்றின் ரசீதுகள் கண்டிஷன் கழிவை எதிர்க்க உதவும். தனியாகப் பணம் பெற்றுத் தராது.

பதில் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு பக்கம் போதும். கோபம் வேண்டாம். க்ளெயிம் எண், வின் எண், உங்கள் மாற்றுத் தொகை, அது எப்படி வந்தது என்ற வரிக்கணக்கு, இணைப்புகள். இப்படி:

ரிப்போர்ட்டின் அடிப்படை மதிப்பு 7,850. கண்டிஷன் கழிவு 600. அவர்கள் சொன்னது 7,250. உட்பிரிவு எல்எக்ஸ் என்று தவறாக உள்ளது, ஈஎக்ஸ்-எல் என்று திருத்தினால் இணைத்துள்ள ஒப்பீட்டுக் கார்களின்படி 700 கூடும். கண்டிஷன் கழிவுக்குக் காரணமோ புகைப்படமோ தரப்படவில்லை, 600ஐ நீக்க வேண்டும். திருத்திய மதிப்பு 8,550.

"எனக்கு 8,500 வேண்டும்" என்று எழுதினால் அட்ஜஸ்டரால் மேலதிகாரியிடம் ஒன்றும் காட்ட முடியாது. வரி வரியாக எழுதினால் அவர் ரிப்போர்ட்டைத் திருத்தி மறுபடி ஓட்டலாம். அவருடைய வேலையைச் சுலபமாக்கினால் பணம் சீக்கிரம் நகரும். பதிலுக்கு ஐந்து வேலை நாள் என்று தேதி போட்டு முடியுங்கள்.

விற்பனை வரி, பதிவுக் கட்டணம் சேருமா?

சொந்த பாலிசி க்ளெயிமில் பல மாநிலங்களில் சேர வேண்டும். கலிபோர்னியாவில் வரியும் டைட்டில் மாற்றும் கட்டணங்களும் தொகையில் சேர்ந்தே வர வேண்டும். சில மாநிலங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குள் வேறு கார் வாங்கிய ரசீதைக் காட்டினால்தான் வரியைத் தருவார்கள். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 8,550க்கு 8 சதவீத வரி என்றால் 684 டாலர். கண்டிஷன் கழிவுக்கு மல்லுக்கட்டிவிட்டு இதை மறந்துபோகிறவர்கள் உண்டு.

அசையவே மாட்டேன் என்கிறார்கள். அடுத்து என்ன?

சொந்த கம்பெனியாக இருந்தால், பாலிசியில் அப்ரைசல் என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்துவீர்கள், அவர்கள் ஒருவரை அமர்த்துவார்கள். இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் ஒருவர். மூவரில் இருவர் ஒப்புக்கொண்டதே தொகை. உங்கள் மதிப்பீட்டாளரின் கட்டணம் உங்களுடையது, நடுவரின் கட்டணத்தில் பாதி உங்களுடையது. மதிப்பீட்டாளருக்கே சில நூறு டாலர் ஆகும் என்பதால், 400 டாலர் இடைவெளிக்கு இது வேண்டாம். 1,500க்கு மேல் என்றால் யோசிக்கலாம். சமீப வருடங்களில் சில கம்பெனிகள் இந்தப் பகுதியைப் பாலிசியிலிருந்து எடுத்துவிட்டன. முகப்புப் பக்கத்தை மட்டும் பார்க்காமல், பின்னால் சேர்த்த திருத்தத் தாள்களையும் படியுங்கள்.

நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் உரிமை இருக்கிறது. பணம் கைக்கு வந்த 35 நாளுக்குள், "இந்தத் தொகைக்கு இதே மாதிரி கார் கிடைக்கவில்லை" என்று கம்பெனிக்குத் தெரிவித்தால் க்ளெயிமை மறுபடி திறந்தாக வேண்டும். அதன் பிறகு அந்த விலைக்குள் ஒரு காரைக் காட்டுவது, கூடுதல் பணம் தருவது போன்ற வழிகளில் ஒன்றை அவர்கள் எடுக்க வேண்டும்.

மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. உங்கள் காருக்கு எவ்வளவு என்று துறை தீர்ப்புச் சொல்லாது. விதிப்படி நடந்தார்களா என்று கேட்டுக் கம்பெனியிடமிருந்து எழுத்துபூர்வமாகப் பதில் வாங்கும். அந்தப் பதிலை எழுதுபவர் முதல் அட்ஜஸ்டராக இருக்க மாட்டார். வேறொரு கண் ரிப்போர்ட்டில் படுவதே பாதி வெற்றி.

தவறு எதிர் வண்டிக்காரருடையது. அவர் கம்பெனியிடம் வாங்குவதா, என் கம்பெனியிடமா?

எதிர்த்தரப்புக் கம்பெனியிடம் வாங்கினால் டிடக்டிபிள் இல்லை, வாடகைக் காரும் அவர்கள் செலவு. ஆனால் அவர்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் கிடையாது. அப்ரைசல் பகுதியைக் கேட்க முடியாது, இழுத்தடித்தால் பிடிக்கக் கயிறும் குறைவு. பொறுப்பு வரம்பையும், அதாவது அவர் காப்பீடு அதிகபட்சம் தரும் தொகையையும் பாருங்கள். ஃப்ளோரிடாவில் சொத்துச் சேதத்துக்குக் குறைந்தபட்சக் காப்பீடு 10,000 டாலர்தான். கலிபோர்னியாவில் நெடுங்காலம் 5,000 ஆக இருந்து 2025 ஜனவரி முதல் 15,000 ஆனது. மூன்று வண்டி மோதிய விபத்தில் அந்த வரம்பைப் பங்கு போட வேண்டியிருக்கும்.

உங்களிடம் கொலிஷன் காப்பீடு (மோதலில் உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்கானது) இருந்தால், இழுத்தடிக்கும் எதிர்த்தரப்பை விட்டுவிட்டுச் சொந்த கம்பெனியில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் எதிர்க் கம்பெனியிடம் வசூலிக்கும்போது உங்கள் டிடக்டிபிளையும் சேர்த்துக் கேட்பார்கள். திரும்பி வர மாதங்கள் ஆகலாம்.

கொலிஷன் இல்லை, எதிர்த்தரப்பும் சரியாகத் தரவில்லை என்றால் சிறு வழக்கு நீதிமன்றம். வழக்குப் பொதுவாக ஓட்டுநர் மேல். அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி மேல் அல்ல. தனிநபர் கேட்கக்கூடிய உச்சம் கலிபோர்னியாவில் 12,500, டெக்சாஸில் 20,000 டாலர். வழக்குத் தாள் ஓட்டுநர் கைக்குப் போனதும் கம்பெனி பேச வருவது வழக்கம்.

வண்டியை நானே வைத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலான இடங்களில் முடியும். ஏல விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். லாபமா நஷ்டமா என்று பார்க்க ஒரு கணக்கு போதும்.

மதிப்பு 7,000, டிடக்டிபிள் 500, ஏல விலை 1,100 என்று வைத்துக்கொள்வோம். வண்டியைக் கொடுத்துவிட்டால் கையில் 6,500. வைத்துக்கொண்டால் 5,400. ரிப்பேர் செய்து சாலைக்குக் கொண்டுவந்தாலும் டைட்டிலில் "மறுகட்டுமானம்" என்ற முத்திரை இருக்கும். அதனால் 7,000 டாலர் கார் 4,500 சொச்சத்துக்கு மேல் போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,500இலிருந்து ஏல விலை 1,100ஐக் கழித்தால் 3,400. உங்கள் ரிப்பேர் செலவு இதற்குக் கீழே இருந்தால் வைத்துக்கொள்வது லாபம், மேலே போனால் நஷ்டம். டிடக்டிபிள் இரண்டு பக்கமும் இருப்பதால் இந்தக் கணக்கில் சேராது.

ஆலங்கட்டி மழையில் பானெட்டும் கூரையும் குழிகுழியாகி டோட்டல் ஆன கார்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். குழியோடு ஓட்டினால் ரிப்பேர் செலவே இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் திரும்பிப் பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். ஒயரிங் இணைப்புகளில் ஈரம் புகுந்தால் ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக வேலையைக் காட்டும். ஏர்பேக் வெடித்த காரிலும், சேஸி வளைந்த காரிலும் 3,400க்குள் முடிப்பது கடினம்.

ஏல விலையையும் கேள்வி கேட்கலாம். அது கோபார்ட், ஐஏஏ போன்ற ஏல நிறுவனத்திடமிருந்து வந்த உண்மையான ஏலக் கேட்புத் தொகையா, அல்லது மென்பொருளின் ஊகமா? ஊகம் என்றால் நிஜமான கேட்புத் தொகையைக் கேளுங்கள், குறையலாம்.

வைத்துக்கொள்ள முடிவெடுத்தால் கூடவே வருபவை: மாநிலத்தின் சால்வேஜ் தாள், ரிப்பேர் முடிந்ததும் சோதனை, பாகங்கள் வாங்கிய ரசீதுகள், திரும்பப் பதிவு. பொறுப்புக் காப்பீடு கிடைக்கும்; கொலிஷன், காம்பிரிஹென்சிவ் (திருட்டு, வெள்ளம், ஆலங்கட்டி போன்றவற்றுக்கானது) இரண்டையும் பல கம்பெனிகள் தர மறுக்கும் அல்லது குறைவாகவே மதிப்பிடும். உங்கள் மாநிலத்தில் மிகப் பழைய வண்டிக்கு முத்திரை போடாவிட்டாலும், கம்பெனி டோட்டல் விவரத்தைத் தேசிய டைட்டில் தகவல் அமைப்புக்கு அனுப்பியிருக்கும். வாங்குபவர் வரலாற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கார் மேல் கடன் பாக்கி இருக்கிறது.

பணம் முதலில் வங்கிக்குப் போகும், மிஞ்சினால் உங்களுக்கு. கடன் 9,000, தொகை 7,500 என்றால் மீதி 1,500 நீங்கள் கட்ட வேண்டியது. கேப் காப்பீடு எடுத்திருந்தால் அதைப் பெரும்பாலும் அது கட்டும். பேச்சுவார்த்தை நடக்கும்போது மாதத் தவணையை நிறுத்தாதீர்கள். கார் இல்லாவிட்டாலும் கடன் உயிரோடுதான் இருக்கிறது, தாமதம் கிரெடிட்டில் ஏறும். கார் வாங்கும்போது நீட்டித்த வாரண்டி எடுத்திருந்தால் ரத்து செய்து மீதிக் காலத்துக்கான பணத்தைக் கேளுங்கள். யாரும் தானாகக் கூப்பிட்டுத் தர மாட்டார்கள்.

வாடகைக் கார் எத்தனை நாள்? யார்டுக் கட்டணம் யாருடையது?

தொகையைச் சொன்ன நாளிலிருந்து சில நாளில் வாடகைக் காரை நிறுத்திவிடுவார்கள். அந்த நெருக்கடியால்தான் பலர் முதல் தொகைக்கே தலையாட்டுகிறார்கள். ஒப்பீட்டுத் தேடலை விபத்து நடந்த வாரமே தொடங்கிவிட்டால் அந்தச் சில நாளே போதும். நாள் நீட்டிக்கக் கேட்பதென்றால், ரிப்போர்ட்டில் தவறு இருந்ததால்தான் தாமதம் என்று எழுதிக் கேளுங்கள். எதிர்த்தரப்பு க்ளெயிமில், வாடகைக்கு எடுக்காவிட்டாலும் கார் இல்லாத நாட்களுக்கு ஈடு கேட்கலாம். டோட்டல் ஆன காருக்கும் இது உண்டு என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

இழுவை யார்டில் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஓடுகிறது. கம்பெனியின் இலவச யார்டுக்கு வண்டியை நகர்த்தச் சம்மதம் கொடுங்கள். அப்படிச் செய்வதால் தொகைக்கு ஒப்புக்கொண்டதாகாது. மின்னஞ்சலில் அந்த ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். நகர்த்தவிடாமல் பிடித்து வைத்தால், தேவையில்லாமல் ஏறிய கட்டணத்தை உங்கள் தலையில் கட்டுவார்கள்.

எதில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது?

டைட்டில், அதை மாற்றிக்கொள்ள அதிகாரப் பத்திரம், ஓடோமீட்டர் அறிக்கை ஆகியவை வழக்கமானவை. 2010 அல்லது அதற்கு முந்தைய மாடல்களுக்குக் கூட்டாட்சி விதிப்படி ஓடோமீட்டர் அறிக்கை தேவையில்லை. தொகை எழுத்தில் முடிவாகும் வரை டைட்டிலை அனுப்பாதீர்கள்.

எதிர்த்தரப்புக் கம்பெனி விடுவிப்புப் பத்திரம் நீட்டினால் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். சொத்துச் சேதத்துக்கு மட்டும் என்று இருக்க வேண்டும். "எல்லாக் கோரிக்கைகளும்" என்றிருந்தால், பின்னால் கழுத்து வலிக்கு மருத்துவச் செலவு கேட்கும் வழி அடைபட்டுவிடும். காசோலையின் முகத்தில் "முழுமையான இறுதித் தீர்வு" என்று அச்சாகியிருந்தாலும் வங்கியில் போடும் முன் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். சர்ச்சை இல்லாத தொகையை இப்போது கொடுத்துவிட்டு மீதியைப் பேசலாம் என்று சொந்த கம்பெனியிடம் கேட்பதில் தவறில்லை, ஒத்துக்கொள்கிறார்கள்.

வண்டியைக் கொடுக்கும் முன் எடுக்க வேண்டியவை?

நம்பர் பிளேட், சுங்கக் கருவி, கராஜ் ரிமோட், கையுறைப் பெட்டியில் உள்ள பதிவுத் தாள்கள், டிக்கிக்கு அடியில் இருக்கும் எல்லாம். திரையில் சேமித்த வீட்டு முகவரியையும் போன் தொடர்புகளையும் அழித்துவிடுங்கள். சுங்கக் கருவியை விட்டுவிட்டால், வண்டியை ஏற்றிப்போகும் லாரியின் கட்டணம் உங்கள் கணக்கில் விழும்.

குழந்தை சீட்டைத் தனியாகப் பில் போட்டுக் கேளுங்கள். மிதமான அல்லது கடுமையான விபத்தில் இருந்த சீட்டை மாற்ற வேண்டும் என்பது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பரிந்துரை. ஏர்பேக் வெடித்திருந்தாலோ, வண்டியை ஓட்டிப்போக முடியாமல் இழுத்துச் சென்றிருந்தாலோ அது சிறு விபத்து ஆகாது. மாற்றுச் சீட்டின் ரசீதைக் கொடுத்தால் போதும்.

பாலிசியை உடனே ரத்து செய்துவிடலாமா?

டைட்டில் கைமாறும் வரை வேண்டாம். அதன் பிறகும் பாலிசி முழுவதையும் ரத்து செய்யாமல் அந்த வண்டியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மீதி நாளுக்கான பிரீமியம் திரும்பும். நியூயார்க்கில் பிளேட்டை முதலில் ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகுதான் காப்பீட்டை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் ஓட்டுநர் உரிமத்தையே நிறுத்தி வைக்கலாம்.